உங்கள் பேரில் ஒரு போன், ஜெசிந்தாக்கா

என் ஆசை ஜெசிந்தாக்கா,

நான் கோபத்தில் இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு அடுத்த நாள் எழுதுகிற கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாதுதான். ஆனால் உங்கள் முன்னால் நல்ல பிள்ளையாக நடித்து எனக்குப் பழக்கமில்லையே. கண் மூடுவதற்கு முந்தின கிழமைகூட, கஞ்சியைக் குடிக்காமல் வைத்திருந்தீர்கள் என்று உங்களோடு சண்டை பிடித்தவள் நான். அந்தச் சண்டையை அரைவாசியில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். மிச்சத்தை இப்போது பிடிக்கிறேன், கேளுங்கள்.

பூசைக்குக் குறை ஒன்றும் இல்லை. தலைமன்னாரில் இருந்து உங்கள் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். பாதர் பிரசங்கத்தில் உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார், கொஞ்சம் கூடவே நல்லபடியாகச் சொன்னார். கோயிலில் கடைசி வரிசை வாங்கிலில் இருந்து கேட்டிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

பூசை முடிந்ததும் எல்லோரையும் எங்கள் போடிங்குக்குக் கூட்டிப்போனார்கள், உங்கள் அறையைக் காட்ட. உங்களுக்கு ஏது அறை என்று கேட்பீர்கள். கன்னியாஸ்திரிமார் நடத்துகிற அந்தப் பெண்பிள்ளைகள் விடுதியில், கேற்றைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு சின்ன அறை இருந்ததே, அம்மா அப்பா பார்க்க வந்தால் இருத்தி வைக்கிற அறை, அதுதான் இப்போது உங்களுடையது. நிலத்துக்கு மினுங்குகிற ரைல்ஸ் போட்டிருக்கிறார்கள். வாசலில் கறுப்புக் கல்லில் தங்க எழுத்து: 'ஜெசிந்தா நினைவு உரையாடல் அறை'. உள்ளே ஒரு மெத்தைக் கதிரை, முகத்துக்கு வெளிச்சம் அடிக்கிற வட்டமான ஒரு லைற், ஒரு புதுப் போன். கதிரைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு உங்கள் படம். எந்தப் படம் தெரியுமா? ஓய்வூதியக் கந்தோருக்குக் கொடுப்பதற்காக எடுத்து, "செத்த மீன் முழிக்கிற மாதிரி இருக்கு" என்று நீங்களே கிழிக்கப் போனீர்களே, அந்தப் படம்.

இந்தக் கடிதத்தைப் பங்குப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். பழைய மாணவிகள் சங்கத்தின் வட்ஸ்அப் குறூப்பில் போட்டிருக்கலாம். ஆனால் போன திங்கட்கிழமை என்னை அதில் இருந்து எடுத்துவிட்டார்கள். சங்கத்தின் மன்னார்ச் செயலாளரை, நீங்களே பிடித்து அந்தக் கதிரையில் இருத்திய என்னை, ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்கள். ஏன் என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

இதை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் போடிங்குக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அக்கா உண்டு. முதல் நாள் பின்னேரமே பெரிய வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து "இனி நீ என்ர தங்கச்சி" என்று கையைப் பிடித்தால் அதோடு சரி, பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் அந்தக் கை விடாது. விடியற்காலையில் பூசைக்கு முந்தி நீள விறாந்தையில் எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவர் குந்துவோம். பின்னால் இருக்கிறவள் முன்னால் இருக்கிறவளுக்குத் தலை பின்னுவாள். எனக்குப் பின்னால் நீங்கள். நெற்றித் தோல் மேலே இழுபடுகிற மாதிரி இறுக்கிப் பின்னுவீர்கள். பூசையில் கண்ணை மூடிச் செபிக்கச் சொன்னால் எனக்குக் கண் முழுக்க மூடாது. "அக்கா, நோகுது" என்றால், "நொந்தால்தான் பின்னேரம் வரைக்கும் அவிழாது" என்பீர்கள்.

அந்த அக்கா முறைக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டார் பார்க்க வருவார்கள். ஒரு பிள்ளையின் அம்மா கேற்றுக்குள் கால் வைத்ததும், அவளுடைய அக்கா எழும்பிவிட வேண்டும். சீப்பை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விட வேண்டும். அம்மா கொண்டுவந்த பொதியை எட்டிப் பார்க்கக் கூடாது. உங்கள் வகுப்பு ரெஜினாக்கா, தன் தங்கச்சியின் அம்மா கொண்டுவந்த பணியாரத்துக்கு ஆசைப்பட்டு ஒருநாள் எழும்பாமல் ஒட்டிக்கொண்டிருந்தார். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள். உங்களைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. நாட்டுச் சண்டைக்குள் உங்கள் அம்மா படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய், அகதி முகாமிலேயே தங்கிவிட்டார். அப்படி இருந்தும் எனக்கு அம்மா வருகிற நாளில் முதல் ஆளாக எழும்பிப் போகிறவர் நீங்கள்தான்.

படித்து முடித்தவர்களில் பாதிப் பேர் லண்டன், கனடா என்று போனார்கள். நீங்கள் இங்கேயே படிப்பித்து, இங்கேயே கிடந்து, சங்கத்தைக் கட்டி இழுத்தீர்கள். வெளியில் இருந்து எந்த உதவி வந்தாலும் முதலில் பிள்ளைகளைத்தான் கேட்பீர்கள். "பெட்டி பெட்டியா சொக்லேற் அனுப்பாதேங்கோ, பிள்ளையளுக்குப் பல்லுத்தான் பழுதாப் போகும். நுளம்பு வலை அனுப்புங்கோ" என்று ஒரு குரற்பதிவு போட்டீர்கள் என்றால் அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தக் குரல் நின்ற பிறகு எல்லோருக்கும் ஒரேயடியாக வாய் வந்துவிட்டது, அக்கா.

உங்களுக்கு நினைவாக என்ன செய்வது என்று ஒரு கூட்டம் வைத்தார்கள், எல்லோரும் கம்பியூட்டரில் முகம் காட்டுகிற கூட்டம். லண்டனில் இருந்து ரெஜினாக்காதான் கதைத்தார். "ஜெசிந்தா எங்களுக்குச் செய்ததை நாங்கள் இந்தப் பிள்ளையளுக்குச் செய்ய வேணும். காசு மட்டும் அனுப்பிப்போட்டு இருக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு அக்கா. ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் அந்தப் பிள்ளையளோட கதைப்பம், முகம் பார்த்துக் கதைப்பம்." எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? நீங்கள் இருந்திருந்தாலும் முதலில் நன்று என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அடுத்த கேள்வியாக, "எந்தப் போனில?" என்று கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

போடிங்கில் பிள்ளைகள் போன் வைத்திருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியும், இப்போதும் அதே சட்டம்தான். மொத்தப் பேருக்கும் ஒரு போன். ஞாயிறு பூசை முடிந்து பகல் சாப்பாட்டு மணி அடிக்கும் வரைக்கும் அது பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில்தான் வீட்டில் இருந்து எடுப்பார்கள். இப்போது பார்க்க வருகிற ஞாயிறு என்று ஒன்று இல்லை, பஸ்ஸுக்குக் கொடுத்துக் கட்டாது. அம்மாமாருக்கு அந்த ஒரு காலைப்பொழுதுதான். மற்ற நாளில் அவர்களுக்குத் தோட்டம், கூலி, கருவாட்டு வாடி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அது விட்டால் ரியூசன்.

எங்கள் அக்காமார் பழைய போனை எடுத்துவிட்டு, அதே நம்பரில் நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு அறை, அதற்கு ஒரு லைற், அதற்கு ஒரு திறப்பு விழா. போடிங்குக்குப் பொறுப்பான சிஸ்டர் நேர அட்டவணை போட்டார். பூசை முடிந்து பகல் மணி அடிக்கும் வரைக்கும், ஒரு அன்ரி மாறி ஒரு அன்ரி; வெளிநாட்டில் இருக்கிற எங்கள் அக்காமார்தான் பிள்ளைகளுக்கு அன்ரிமார். வீடியோவில் கதைக்கும்போது நடுவில் வேறு கோல் வந்தால் படம் நின்றுவிடுகிறதாம். வந்தால் வெட்டிவிடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். நடுவில் வருகிற அந்தக் கோல் யாருடையது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அம்மா வந்தால் எழும்ப வேண்டும் என்று காது முறுக்கி வளர்க்கப்பட்ட கூட்டம், அம்மா எடுத்தால் வெட்டு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

நானும் இதைச் சும்மா கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மூன்று கிழமைக்கு முந்தி ஒரு வேலைநாளில், கந்தோருக்குப் போகிற வழியில் ஏதோ கையெழுத்துக்காகப் போடிங்குக்குப் போனேன். கேற்றுக்கு வெளியே கழுதைகள் படுத்திருக்கிற நிழலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தா. கையில் ஒரு பழைய சாக்குப் பை. பெரியமடுப் பக்கம் இருந்து விடியற்காலை பஸ் பிடித்து, மாறி மாறி ஏறி வந்திருக்கிறா. மலைநாட்டில் இருந்து வந்து அந்தப் பக்கம் குடியேறிய சனம். இங்கே உயர்தரம் படிக்கிற சுதாவின் அம்மா. நல்ல கெட்டிக்காரப் பிள்ளை, அக்கா. உயிரியலில் முதலாவதாக வருகிறவள், அடுத்த வருடம் சோதனை.

"ஏன் வெளியில நிக்கிறீங்கள்? உள்ள வாங்கோ, கதிரையில இருங்கோ" என்றேன்.

"பரவால்லைங்கம்மா. புள்ளய வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னு வந்தேன்" என்றா.

யாருக்கும் சுகமில்லையா, காசு ஏதும் பிரச்சினையா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். பக்கத்துக் கடைக்காரப் பெண்ணிடம் போன் இரவல் வாங்கி ஞாயிறு ஞாயிறாக எடுக்கிறாவாம். லைன் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மணி அடித்து வெட்டுப்படுகிறதாம்.

"புள்ளதாம்மா வெட்டுது. பெரிய எடத்து ஆளுங்ககிட்ட பேசுதாம்ல, கடைக்காரம்மா சொன்னாங்க. நாம பேசுனா அதுக்கு வெக்கமா இருக்கும்போல. அப்பிடிப் படிச்சு என்னாத்துக்கு? இன்னும் ஒரு வருசம் இங்கிட்டு இருந்தா அதுக்கு என் மொகமே மறந்துபோகும். எங்கூடவே இருந்துட்டுப் போவட்டும், கூலிக்குப் போனாலும் பரவால்ல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. குற்றம் சொல்கிற மாதிரியும் சொல்லவில்லை. வெளிநாட்டு அன்ரிமாருக்கு என்று ஒரு பையில் நிலக்கடலை அவித்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தா, அதை எப்படி அனுப்புவது என்று என்னையே கேட்டா.

சுதாவைக் கூப்பிட்டுத் தனியாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுடைய அன்ரி வேறு யாருமில்லை, ரெஜினாக்காதான்.

"அம்மான்ர கோல் வந்தது உனக்குத் தெரியுமே?"

"ஓம் அன்ரி. கடை அக்காவின்ர நம்பர் எனக்குப் பாடம்."

"பிறகு ஏன் வெட்டினனீ?"

"ரெஜினா அன்ரி அழுது கொண்டிருந்தவா. அவவின்ர பிள்ளையள் அவவோட தமிழில கதைக்கிறேல்லையாம். வீட்டில ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லையாம். அழேக்க எப்பிடி அன்ரி வைக்கிறது? ஒவ்வொரு கிழமையும் அழுவா. நான் 'ஒண்டும் யோசிக்காதேங்கோ அன்ரி, சாப்பிடுங்கோ, மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ' எண்டு சொல்லுவன். அம்மா திருப்பி எடுப்பா தானே எண்டு நினைச்சனான்."

அக்கா, எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அறையில் யார் யாருக்கு அக்கா? லண்டனில் பேரப்பிள்ளை கண்ட மனுசி தங்கச்சியாகிவிட்டார். பெரியமடுப் பக்கத்துப் பிள்ளை, தன் தாயை வெட்டிவிட்டு, அவருக்கு அக்கா வேலை பார்க்கிறாள். மற்றப் பிள்ளைகளையும் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தியின் அன்ரிக்கு மருமகளோடு ஒத்துவரவில்லை. இன்னொருத்தியின் அன்ரி, செத்துப்போன புருசனைப் பற்றி மட்டும்தான் கதைப்பாவாம். நாங்கள் கொடுக்கிறோம், கொடுக்கிறோம் என்று படம் எடுத்துப் போடுகிறோம். கொடுத்துக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளைகள்.

சுதாவின் அம்மாவிடம் கையைப் பிடித்துக் கேட்டேன், கொஞ்சம் பொறுங்கோ, நான் சரிப்படுத்துகிறேன், அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் கூட்டிக்கொண்டு போங்கோ என்று. அரை மனதோடு சம்மதித்து, நிலக்கடலைப் பையை என்னிடம் தந்துவிட்டுப் போனா.

பிறகு குறூப்பில் எழுதினேன். நல்ல தமிழில், மரியாதையாக எழுதினேன் அக்கா, நீங்கள் பார்த்திருந்தால் இது எமல்டாவா என்று கேட்டிருப்பீர்கள். ஞாயிறு காலையைத் தாய்மாருக்கு விட்டுவிடுவோம், எங்கள் நேரத்தை மாற்றுவோம் என்று. அதற்கு வந்த பதில்களைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு போன் வாங்கித் தருகிறோம் என்றார் ஒருவர். ஒன்றையே கண்காணிக்க முடியவில்லை, இன்னொன்றை உள்ளே விடமாட்டேன் என்றார் சிஸ்டர். ஜெசிந்தாவின் பேரில் நடக்கிற விசயத்தில் ஏன் கல் எறிகிறாய் என்றார் இன்னொருவர். எனக்குத் தங்கச்சி ஒருத்தியும் ஒதுக்கவில்லை என்ற எரிச்சலாம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள்: அம்மாமார் சனிக்கிழமை எடுக்கட்டுமாம்! சனிக்கிழமை அந்த அம்மாமார் வெயிலில் குனிந்து நிற்கிற நாள் என்று யார் இவர்களுக்குச் சொல்வது? நான்தான் சொன்னேன். உடனே, "எமல்டா, நாங்களும் வேலைக்குத்தான் போறம்" என்று வந்தது.

அதுவும் பொய் இல்லைதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இவர்கள் கெட்டவர்களாக இருந்தால் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போகலாம். கனடாக்காரர் சனிக்கிழமை இரவு முழுக்கக் கண் விழித்திருந்து எடுக்கிறார்கள். ரெஜினாக்கா விடியாத குளிருக்குள் எழும்பி எடுக்கிறார். நித்திரையை விட்டுத்தானே செய்கிறார்கள்? அந்த நித்திரையைக் காட்டியே என் வாயை அடைக்கிறார்கள்.

சிஸ்டரிடம் போனேன். அவரும் பாவம். "எமல்டா, எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் கச்சான் காத்து பிய்ச்ச கூரை அரைவாசிதான் போட்டிருக்கு. மிச்சம் அவையள்தான் போட வேணும். இப்ப நான் முகத்தில அடிச்ச மாதிரி ஏதும் சொன்னால், மழைக்கு இந்தப் பிள்ளையள் எங்க படுக்கிறது?" என்றார். வாசல் கல்லுக்கும் ரைல்ஸுக்கும் முந்திக்கொண்டு செய்தார்களே, கூரையை ஏன் அரைவாசியில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். கூரையில் யார் பேரை எழுதுவது, சொல்லுங்கள்.

போன ஞாயிறு நான் ஒரு வேலை செய்தேன். பூசை முடிந்த கையோடு போடிங்குக்குப் போய், சுதாவின் முறை வந்ததும் அந்த மெத்தைக் கதிரையில் நான் இருந்தேன். என்னுடைய போனை அவளிடம் கொடுத்து, வேப்பமரத்தடிக்குப் போய்க் கடைக்காரப் பெண்ணின் நம்பருக்கு எடு என்றேன். வெளிப் போன் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். சிஸ்டர் என்னைப் பார்த்தார், சுதாவைப் பார்த்தார். பிறகு கேற்றடியில் நின்ற கழுதையை விரட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். கழுதை பேசாமல்தான் நின்றது.

போன் திரையில் ரெஜினாக்கா வந்தார். பின்னால் யன்னல் கறுப்பாக இருந்தது. கம்பளிச் சால்வை போர்த்தி, முகத்துக்குப் பவுடர் போட்டு, பொட்டும் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு பிள்ளையோடு கதைக்க அந்த நேரத்தில் பவுடர் போட்டிருக்கிறாரே என்று எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

"நீயே? பிள்ளை எங்க?"

"அம்மாவோட கதைக்கிறாள் அக்கா."

"எப்ப முடியும்?"

"முடியிற நேரம் முடியட்டும். நீங்கள் இண்டைக்கு என்னோட கதையுங்கோ."

"உனக்கென்ன விசரே? நான் இருட்டுக்குள்ள எழும்பிக் குந்தியிருக்கிறன். எனக்கு இதால என்ன லாபம் எண்டு நினைக்கிறாய்?"

சொல்லிவிட்டேன், அக்கா. இனிமையாகச் சொல்ல எனக்கு வராது. பிள்ளை தாயின் கோலை வெட்டுகிறாள், நீங்கள் அழுகிறீர்கள் என்பதால் வெட்டுகிறாள், தாய் அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்து கேற்றடியில் நின்றா, பிள்ளையின் படிப்பு நிற்கப் போகிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். ரெஜினாக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அவள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்.

"எப்பிடிச் சொல்லுவாள்?"

"என்ர பிள்ளையள் என்னோட அப்பிடிக் கதைக்கிறேல்லை எமல்டா. மருந்து போட்டனீங்களோ எண்டு கேக்க அவள் ஒருத்திதான் இருக்கிறாள்."

"எனக்கு எடுங்கோ அக்கா. எந்த நாளும் எடுங்கோ. நான் கேக்கிறன்."

"உன்னோட கதைச்சால் எனக்குப் பிறசர்தான் கூடும்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் குறூப்பில் இருந்து என்னை எடுத்தார்கள். யார் எடுத்தது என்று தெரியாது, கேட்கவும் இல்லை. நேர அட்டவணையில் மாற்றம் இல்லை என்று சிஸ்டருக்குச் செய்தி வந்திருக்கிறது. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "எமல்டா, ஒருக்கா நான் காணாத மாதிரி இருந்திட்டன், இன்னொருக்கா ஏலாது" என்றார். நேற்றுப் பூசையில் சங்கத்துச் சாரி கட்டியவர்கள் ஒரு வாங்கிலிலும், நான் தனியே மற்ற வாங்கிலிலும் இருந்தோம். நீங்கள் ஏன் அக்கா இப்படி விட்டுவிட்டுப் போனீர்கள்? ஒரு குரற்பதிவாவது, 'நான் செத்த பிறகு என்ர பேரில ஒண்டும் செய்யாதேங்கோ' என்று, போட்டு வைத்திருக்கக் கூடாதா?

வேப்பமரத்தடியில் சுதா என்ன கதைத்தாள் என்று நான் கேட்கவில்லை. போனைத் திருப்பித் தரும்போது அவளே சொன்னாள். கடைக்காரப் பெண் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தாவாம். அம்மா போனை வாங்கியதும் முதலில் கேட்டது இதுதானாம்: "பெரியவங்க காத்துக்கிட்டு இருக்காங்களா? வச்சிரவா?"

அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளை என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கு அந்த அறையில் இருக்கிற எல்லாவற்றையும் தூக்கி வீதியில் எறிய வேண்டும் போல் இருந்தது. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா கடைசியாகச் சொன்னதையும் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கெழம லைன் கெடச்சா நீ இருந்து படி. கெடைக்கலைன்னா வந்துர்றேன், துணிமணியக் கட்டி வச்சிரு."

அந்த ஞாயிறு நாளை மறுநாள்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிறு பூசை முடிந்து முதல் பிள்ளை வருவதற்கு முன்னால் நான் அந்த அறைக்குப் போவேன். போனில் டேட்டாவை நிறுத்துவேன். வீடியோ வராது, சாதாரணக் கோல் மட்டும் வரும். கேற்றில் விடாவிட்டால் சிஸ்டரோடு சண்டை பிடித்துக்கொண்டு போவேன். அன்ரிமார் எடுத்துக் களைத்து என்னுடைய போனுக்கு எடுக்கட்டும், ஒவ்வொருவருக்கும் மருந்து போட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்று பொறுமையாகக் கேட்பேன். பொறுமை எனக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரியும், இருந்தும் கேட்பேன். கூரையை நிறுத்தினால் நிறுத்தட்டும். ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு வீடாகத் தகரம் கேட்டு இந்த மன்னார்த் தீவு முழுக்க அலைவேன், வெட்கப்பட மாட்டேன். வாசலில் இருக்கிற உங்கள் பேர் என்னால் கெட்டுப்போகிறது என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்த அம்மா எடுக்கும்போது லைன் கிடைக்கும், அக்கா.

கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் தங்கச்சி எமல்டா,
தோட்டவெளி.